இருபத்தியோராவது ஜோடி

— அப்படி இல்லக்கா. டாக்டர் சொன்னது வேற, நீ காதுல வாங்கினது வேற.

— நான் வாங்கினது ஒரே ஒரு வார்த்தைதான். மூணு. "ரெண்டு இருக்க வேண்டிய எடத்துல மூணு இருக்கு"ன்னாரு. அப்புறம் பிரெஞ்சுல போயிட்டாரு. நீ தலைய ஆட்டிக்கிட்டே இருந்த. நான் புள்ளையோட காலுறைய இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப சொல்லு.

— இங்க காத்து அடிக்குது. உள்ள போய் உட்காருவோம் வா. ரீமுக்குச் சளி பிடிச்சுக்கும்.

— உள்ள ஒரே டீசல் நாத்தம். இவ கடல்காரன் மக, காத்துக்கு ஒண்ணும் ஆயிடாது. பேச்ச மாத்தாத உல்ஃபா. கப்பல் இப்பத்தான் ஸ்ஃபாக்ஸ் துறைய விட்டே கெளம்பியிருக்கு. நம்ம கெர்கென்னா தீவு போய்ச் சேர நேரம் கெடக்கு.

— என்னத்தக்கா சொல்லச் சொல்ற?

— பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறியே, அத. நீ உயிரியல் டீச்சர்தானே? எனக்கும் ஒரு நாள் பாடம் நடத்து. மொந்தர் துறையில வந்து நிப்பாரு. கப்பல் பலகைய எறக்குறதுக்குள்ள "என்ன சொன்னாங்க சல்ஹா?"ன்னு கேப்பாரு. புருஷன்கிட்ட போய் "மூணு"ன்னா சொல்ல முடியும்?

— இதயத்துல இருக்கற ஓட்டை சின்னதுதான், தானா மூடிக்கும்னு சொன்னாரே. அத முதல்ல சொல்லு மச்சான்கிட்ட.

— சொல்லுவேன். அதுக்கப்புறம் "ஏன் இப்படி ஆச்சு"ன்னு கேப்பாரே?

— மச்சான் கேக்க மாட்டாரு.

— கேக்க மாட்டாரு. அதான் பயமா இருக்கு. கேக்காமலே கடலைப் பாத்துக்கிட்டு நிப்பாரு. சொல்லுடி.

— சரி. உன் உடம்புல, என் உடம்புல, ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நூல் மாதிரி சிலது இருக்கு. குரோமோசோம்னு பேரு. ஜோடி ஜோடியா இருக்கும். ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணு உம்மாகிட்டேருந்து வந்தது, ஒண்ணு வாப்பாகிட்டேருந்து வந்தது. மொத்தம் இருபத்தி மூணு ஜோடி.

— அப்ப நம்ம உம்மா இன்னும் எனக்குள்ள இருக்கா.

— பாதி இருக்கா.

— பாதின்னாலும் போதும். மேல சொல்லு.

— முட்டை உண்டாகும்போது இந்த ஜோடியெல்லாம் பிரிஞ்சு பாதியாகணும். ஏன்னா மிச்சப் பாதி ஆம்பளகிட்டேருந்து வரும். ரெண்டு பாதி சேந்தாத்தான் ஒரு முழுப் புள்ள. இப்படிப் பாதியாக்குறதுக்கு குன்றல் பகுப்புன்னு பேரு. அதாவது, முதல்ல—

— பேரெல்லாம் எனக்கெதுக்கு? எப்படிப் பாதியாக்குது? ரொட்டியப் பிக்கிற மாதிரியா?

— அப்படிப் பிச்சா எது எந்தப் பக்கம் போகும்னே தெரியாதே. இது ரொம்ப ஒழுங்கா நடக்கும். முதல்ல ஒவ்வொரு நூலும் தன்ன மாதிரியே இன்னொண்ணு செஞ்சு ஒட்ட வச்சுக்கும். அப்புறம் ஜோடிங்க ஒண்ண ஒண்ணு தேடிக் கண்டுபிடிக்கும். உம்மா குடுத்த ஒண்ணாம் நூல், வாப்பா குடுத்த ஒண்ணாம் நூல் பக்கத்துல போய் நிக்கும். நீளத்துக்கும் ஒட்டி, கட்டிப் பிடிச்சுக்கும். அங்கங்க துண்டு துண்டா மாத்திக்கும். உன்னோடது எனக்கு, என்னோடது உனக்குன்னு.

— அட!

— அதனாலதான் ஒரே வயித்துல பொறந்தும் உனக்கு வாப்பாவோட மூக்கு, எனக்கு உம்மாவோட மூக்கு.

— எனக்கு மோசமானதுதான் வந்துச்சு. அப்புறம்?

— அப்புறம் எல்லா ஜோடியும் செல்லோட நடுவுல வந்து வரிசையா நிக்கும். ரெண்டு கரையிலேருந்தும் இழுகயிறு வந்து பிடிச்சுக்கும். இழுக்கும். ஜோடியில ஒண்ணு இந்தக் கரைக்கு, ஒண்ணு அந்தக் கரைக்கு. செல்லு ரெண்டாகும். அதுக்கப்புறம் இன்னொரு சுத்து. முன்னாடி செஞ்சு ஒட்ட வச்சுதுல்ல, அந்த நகலும் பிரியும். முடிஞ்சுது.

— ஒரு சந்தேகம்.

— கேளு.

— பிரியத்தான் போகுதுன்னா எதுக்கு அப்படிக் கட்டிப் பிடிக்கணும்? தள்ளியே நின்னு, பேசாம ஆளுக்கொரு பக்கம் போயிட வேண்டியதுதானே?

— கட்டிப் பிடிச்சாத்தான்க்கா ஒழுங்காப் பிரிய முடியும். பிடிச்சிருந்தாத்தான் இழுக்குற கயித்துக்கு எது யாரோட ஜோடின்னு தெரியும். என் வகுப்புல ஒரு புள்ளகூட இந்தக் கேள்விய கேட்டதில்ல.

— அதுங்களுக்கு என்ன தெரியும், பிரியறதப் பத்தி. சரி, எனக்கு எங்க தப்பாச்சு?

— உனக்குன்னு சொல்லாதக்கா.

— சரி, முட்டைக்கு. முட்டைக்கு எங்க தப்பாச்சு?

— இழுக்குற எடத்துல. இருபத்திரண்டு ஜோடி பிரிஞ்சுது. இருபத்தியோராவது ஜோடி மட்டும் பிரியல. ரெண்டும் ஒட்டினபடியே ஒரே கரைக்குப் போயிடுச்சு. அப்புறம் மச்சான்கிட்டேருந்து ஒண்ணு வந்துச்சு. அதான் மூணு. அப்படி இருந்தா புள்ளைக்குப் பேச்சு, நடை, படிப்பு எல்லாம் மெதுவாத்தான் வரும்.

— ஏன் பிரியல?

— தற்செயல்.

— டாக்டர் என் வயச ரெண்டு தடவ கேட்டாரு.

— எல்லார்கிட்டயும் கேப்பாங்க.

— மொந்தரோட வயசக் கேக்கலையே?

— அது... சும்மா. எழுதறதுக்காக.

— உல்ஃபா, நீ உண்மை பேசும்போது நீளமாப் பேசுவ. பொய் சொல்லும்போது ரெண்டு ரெண்டு வார்த்தையாத்தான் வரும். சின்னதுலேருந்து அப்படித்தான். ஆஸ்பத்திரி நடையில மூஞ்சிய சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு எதுக்கு அழுத? உன் முதுகு குலுங்கினத பாத்தேன்.

— அக்கா, யாரோ வராங்க பாரு.

— அட, நம்ம சல்ஹாவா! முக்காட்ட இழுத்து மூடிக்கிட்டு காத்துல நிக்குறாளே யாருன்னு பாத்தேன். ஸலாம் அலைக்கும் என் தங்கமே!

— அலைக்கும் ஸலாம். வாங்க மன்னூபியா மாமி. ஸ்ஃபாக்ஸுக்கு எங்க?

— மருமகளுக்குப் பல் வலி. அவளக் கொண்டு போய் விட்டுட்டு நான் திரும்பிட்டேன், பல்ல அவதானே புடுங்கிக்கணும்! இது யாரு, உல்ஃபாவா? மாஷா அல்லா, டீச்சரம்மா எளச்சுப் போயிட்டியே. கல்யாணத்துக்கு முன்னாடி எளச்சா நல்லதில்ல. மாப்பிள்ள வீட்டுல எலும்ப எண்ணிருவாங்க. எங்க, குழந்தைய காட்டு. ம்... பிஸ்மில்லா. கண்ணு கொஞ்சம்... மேல ஏறினாப்புல...

— தூங்கி எந்திரிச்ச கண்ணு மாமி.

— அதான் நானும் நெனச்சேன். எதுக்கும் தொட்டில்ல ஒரு மீன் வாலக் கட்டித் தொங்க விடு. ஊர்க்கண்ணு பொல்லாதது. இந்த வயசுல புள்ள பெத்துட்டாளேன்னு எத்தன பேருக்கு வயிறு எரியுதோ.

— கட்டுறேன் மாமி.

— உல்ஃபா, உன் அக்கா மாதிரி ஒருத்தி இந்தத் தீவுல பொறந்ததில்ல, தெரிஞ்சுக்கோ. உம்மா மவுத்தாகி அடக்கம் பண்ணினப்போ நீ இவ்வளவு உசரம். வந்த மாப்பிள்ளையெல்லாம் திருப்பி அனுப்பினா. அந்த ஹெதி, மின்சார ஆபீஸ்ல வேலை, தங்கமான பையன்! "என் தங்கச்சி படிச்சு முடிக்கட்டும்"னு சொல்லிட்டா. எங்க வீட்டுல அன்னிக்கு நாங்கல்லாம் அழுதோம்.

— மாமி, அதெல்லாம் இப்ப எதுக்கு?

— சொன்னா என்னடி? நல்லத சொல்லக் கூடாதா? அதோட விட்டாளா? மொந்தரோட முதல் பொண்டாட்டி, பாவம் ஜமீலா, சிறுநீரகம் ரெண்டும் போய்ப் படுத்த படுக்கையாக் கெடந்தாளே, கூடப் பொறந்தவங்களே எட்டிப் பாக்கல. இவதான் தினம் சூப்பு கொண்டு போய் ஊட்டினா. அதுக்குத்தான் அல்லா அதே வீட்ட இவளுக்குக் குடுத்தான். சரி, நான் உள்ள போறேன், எனக்கு மூட்டு வலி. குழந்தைய மூடு, மூடு.

— சரி மாமி. போயிட்டு வாங்க.

— போயிட்டாங்களாக்கா?

— போயிட்டா. ஒரு கையால தடவுவா, இன்னொரு கையால கிள்ளுவா. ஆனா நல்ல மனுஷிதான். நீ எதுக்குடி மறுபடி அழற?

— மாமி சொன்னது சரிதானே. எல்லாம் என்னாலதான்.

— எது?

— ரீம். ரீம் இப்படிப் பொறந்தது. நான் சொன்னது பொய்க்கா, தற்செயல்னு. முழுப் பொய் இல்ல, பாதிப் பொய். அந்த ஜோடிங்க கட்டிப் பிடிக்குதுன்னு சொன்னேன்ல? அது எப்ப நடக்குதுன்னு சொல்லாம விட்டுட்டேன்.

— எப்ப?

— நீ உம்மா வயித்துல இருக்கும்போதே. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே உன்னோட முட்டையெல்லாம் உனக்குள்ள உண்டாயிடும். அப்பவே ஜோடிங்க தேடிக் கண்டுபிடிச்சு, கட்டிப் பிடிச்சு, துண்டு மாத்திக்கும். அதோட அப்படியே நின்னுடும். பாதியில. பிரியாம காத்துக்கிட்டு இருக்கும். நீ பெரியவளாகி, ஒவ்வொரு மாசமும் ஒரு முட்டைக்கு முறை வரும்போது மட்டும் அது ஒண்ணு முழிச்சு, மிச்ச வேலைய முடிக்கும். ரீமோட முட்டை நாப்பத்தி ரெண்டு வருஷம் காத்திருந்துச்சு.

— நாப்பத்தி ரெண்டு வருஷமாவா? பிடிச்ச பிடி விடாம?

— பிடி விடாம. ஆனா அந்தப் பிடிக்கு ஒரு பசை இருக்கு. காலம் போகப் போக அது தளர்ந்துடும். தளர்ந்தா இழுக்கும்போது தாறுமாறாப் போயிடும். முப்பது வயசுல நீ பெத்திருந்தா இப்படி ஆகறதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. இத டாக்டர் சொல்லல. எனக்கு முன்னாடியே தெரியும்.

— பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்குறியே, தெரியாம இருக்குமா.

— இல்ல, நீ புரிஞ்சுக்கல. காலேஜ்ல இந்தப் பாடத்தைப் படிச்ச அன்னிக்கே தெரியும். பேராசிரியர் பலகையில ஒரு கோடு போட்டாரு. தாயோட வயசு ஏற ஏற அந்தக் கோடு செங்குத்தா மேல ஏறுது. எனக்கு உன் முகம்தான் வந்துச்சு. உனக்கு அப்ப முப்பத்தி ஒண்ணு. அன்னிக்கே போன் பண்ணி "அக்கா, எனக்காக நிக்காத, கல்யாணம் பண்ணிக்கோ"ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல.

— மறந்திருப்ப.

— மறக்கல. வேணும்னே சொல்லல. நீ கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டா, லீவுக்குத் திரும்பி வர எனக்கு வீடு இருக்காதேன்னு நெனச்சேன். கதவ யாரு தெறப்பான்னு நெனச்சேன். நான் படிச்ச படிப்பு நீ குடுத்தது. அந்தப் படிப்புதான் உனக்கு என்ன ஆகும்னு எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தேன்.

— அடியே...

— அதனால நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். கெர்கென்னா பள்ளிக்கூடத்துக்கு மாத்தல் கேக்கப் போறேன். உன்கூடவே இருப்பேன். ரீமுக்குப் பேச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி, எல்லாம் நான் பாத்துக்கறேன்.

— அப்ப உன் மாப்பிள்ள அனீஸ்?

— அனீஸுக்கு என்ன?

— காலையில ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு போன்ல பேசினியே, அத கேக்குறேன். என்கிட்ட பள்ளிக்கூடத்துலேருந்து கூப்புட்டாங்கன்னு சொன்ன. நீ மருந்து வாங்கப் போயிருந்தப்போ அந்தப் பையன் எனக்குப் போன் பண்ணினான்.

— என்ன சொன்னான்?

— "நிச்சயத்துக்கு வர வேண்டாம்னுட்டா, நான் என்ன தப்புப் பண்ணேன் அக்கா"ன்னான். அழுதான்னு நெனக்கிறேன். மூக்கடைச்சவன் மாதிரிப் பேசினான்.

— அவனுக்கு வேற பொண்ணு கெடைப்பா.

— உனக்கு இப்ப என்ன வயசு?

— தெரியாத மாதிரி கேக்குற. முப்பத்தி மூணு.

— உன் முட்டைக்கு?

— அக்கா!

— கேட்டதுக்குப் பதில் சொல்லு டீச்சரம்மா.

— அதுக்கும் முப்பத்தி மூணுதான். அதோட சில மாசம்.

— அப்ப அதுங்களும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. இன்னும் எத்தன வருஷம் நிக்க வைக்கப் போற?

— எவ்வளவு நாள் ஆனாலும். நீ எனக்காக நின்ன. இப்ப என் முறை. இதுல பேசறதுக்கு ஒண்ணுமே இல்லக்கா. ஹெதி வந்த அன்னிக்கு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பக்கத்து அறையில காய்ச்சலோட படுத்திருந்தேன். "என் தங்கச்சிய விட்டுட்டு வர மாட்டேன்"னு நீ சொன்னது கேட்டுச்சு. அன்னிக்கு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அந்தச் சந்தோஷத்துக்காக இன்னிக்கு வரைக்கும் என்னை நானே மன்னிக்க முடியல.

— உல்ஃபா. புள்ளைய கொஞ்சம் வாங்கு.

— ஏன், கை வலிக்குதா?

— வாங்குடி. கையில புள்ளைய வச்சுக்கிட்டு இத சொல்லக் கூடாது.

— என்னக்கா? உன் மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?

— ஹெதிய நான் உனக்காகத் திருப்பி அனுப்பல.

— என்னது?

— அவன மட்டுமில்ல, எவனையும். உன் பேரச் சொன்னேன். அவ்வளவுதான். அதச் சொன்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க. ஊரே கண்ணத் தொடைச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிடும்.

— பின்ன எதுக்கு அனுப்பின?

— மொந்தருக்காக.

— மச்சானா? மச்சானுக்கு அப்ப கல்யாணம் ஆகி...

— ஆகியிருந்துச்சு. அதுக்கு முன்னாடியே எங்களுக்குள்ள பேச்சு இருந்துச்சு. ஓலைவேலி போட்டு மீன் பிடிக்கிற காலத்துல, நான் வாப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போவேன், அவரு பக்கத்துப் படகுல இருப்பாரு. அப்படி ஆரம்பிச்சது. ஆனா ஜமீலாவோட வாப்பாவுக்கும் மொந்தர் வீட்டுக்கும் கடல்ல வேலி போடுற பங்கு பக்கத்துப் பக்கத்துல. ரெண்டு பங்கும் சேந்தா பெரிய வேலி போடலாம். பெரியவங்க பேசி முடிச்சுட்டாங்க. அவரால எதிர்த்துப் பேச முடியல. எனக்கு இருபத்தி ரெண்டு வயசு. அன்னிக்கு மனசுக்குள்ள ஒண்ணு சொல்லிக்கிட்டேன். இவர் இல்லன்னா எவனும் வேண்டாம்னு.

— நீங்க... அதுக்கப்புறமும் ரெண்டு பேரும்...

— சீ! அல்லா மேல ஆணையா ஒரு வார்த்த கெடையாது. ஒரு பார்வ கெடையாது. அவரு ஜமீலாவுக்கு உண்மையாத்தான் இருந்தாரு. நான்தான். நான் மட்டும்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

— எதுக்கு? அவருக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, எதுக்குக் காத்திருந்த?

— முதல்ல எதுக்குன்னே தெரியாம. அப்புறம் ஜமீலாவுக்கு உடம்புக்கு வந்துச்சு. அப்பலேருந்து எதுக்குன்னு தெரிஞ்சே காத்திருந்தேன்.

— அக்கா.

— நான் கொண்டு போன சூப்பப் பத்தி மாமி சொன்னாளே. அதுல ஒரு கெட்டதும் கலக்கல. நல்ல சூப்பு. கோழி அடிச்சு, ஓட்ஸ் போட்டு, ஆற வச்சு கொண்டு போவேன். ஊட்டும்போது என் கை ஊட்டும். கண்ணு அவ காலப் பாக்கும். நேத்த விட இன்னிக்கு வீக்கம் ஜாஸ்தியா, கம்மியான்னு. கம்மியா இருந்தா வெறும் பாத்திரத்த தூக்கிக்கிட்டு ஏமாந்தவளா வீட்டுக்கு வருவேன். அப்படி ஒரு பொம்பள நான். ஊரு என்னை அவுலியா மாதிரி, புனிதவதி மாதிரி கொண்டாடுது, நான் ஒருத்தி மவுத்தாகறதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்.

— இத மச்சான்கிட்ட சொல்லியிருக்கியா?

— எப்படிச் சொல்ல? அவ கபர்க்குழி மேல வெள்ளிக்கிழமை தோறும் தண்ணி தெளிக்கிற மனுஷன்.

— அப்ப நான்? நான் எதுக்கு இத்தன வருஷமா... ஒவ்வொரு பெருநாளைக்கும் புதுத்துணி போட்டா உன் பழைய துணியப் பாப்பேன். காலேஜ்ல தோழிங்க சிரிச்சா கூடச் சேந்து சிரிக்கவே கூச்சமா இருக்கும். என் அக்கா அங்க எனக்காக வாடிக்கிட்டு இருக்கா, நான் இங்க சிரிக்கிறேனேன்னு. இன்னிக்குக் காலையில ஒரு நல்லவன அழ வச்சேன். எல்லாம் எதுக்கு? உன்னோட ஒரு பொய்க்காகவா?

— ஆமா.

— ஆமான்னு சொல்றியே!

— வேற என்ன சொல்ல? வேணும்னா ஒரு அறை அறைஞ்சுக்கோ. மாமி உள்ளதான் இருக்கா, பாக்க மாட்டா.

— புள்ளைய என் கையில குடுத்துட்டு அறையச் சொல்ற. எந்தக் கையால அறையறது?

— சிரிக்கிறியா, அழறியா?

— தெரியல. இவ காலுறை கழலுது, இழுத்து விடு.

— விட்டுட்டேன்.

— எனக்கு உன்மேல ரொம்பக் கோவமா இருக்கு.

— இருக்கட்டும். கோவம் நல்லது. நீ என்னப் பாத்தா தலை குனியறியே, அதத்தான் தாங்க முடியல. உல்ஃபா, நான் உன்ன பாடம் நடத்தச் சொன்னது மொந்தருக்குப் பதில் சொல்றதுக்கு இல்ல. எனக்கு ஒண்ணு தெரியணும்.

— என்ன?

— இது தண்டனையா? நான் காத்திருந்ததுக்கு? இமாம்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு. டாக்டர்கிட்ட கேட்டா சிரிப்பாரு. உனக்கு ரெண்டும் தெரியும்ல. நீ சொல்லு. என் பாவத்த இந்தப் புள்ள தலையில எறக்கிட்டேனா?

— அக்கா, இங்க பாரு. எங்க பள்ளிக்கூடத்துல பெருக்க வர்ற சாமியாவ உனக்குத் தெரியும்ல? பத்தொம்பது வயசுல முதல் புள்ள பெத்தா. அவனும் ரீம் மாதிரிதான். அவ யாருக்காகவும் காத்திருக்கல. யாரும் சாகணும்னு நெனக்கல. நாப்பத்தி நாலு வயசுல பெத்து, ஒரு குறையும் இல்லாம வளர்ற புள்ளைங்க நம்ம தீவுலயே எத்தன இருக்கு! வயசு ஏறினா வாய்ப்பு ஏறும். அவ்வளவுதான். அந்த நூலுக்குக் கண்ணு கெடையாது. நீ எதுக்காகக் காத்திருந்த, நல்லதுக்கா கெட்டதுக்கான்னு அது பாக்காது.

— நெசமாவா? நீளமாத்தான் பேசுற.

— நெசமா. அதோட, ரீமோட முட்டை உண்டானப்போ உனக்கு மொந்தரையும் தெரியாது, ஜமீலாவையும் தெரியாது. நீயே உம்மா வயித்துல சுருண்டு கெடந்த.

— இரு, இரு. அப்ப ரீமும் என்கூட உம்மா வயித்துலதான் இருந்தாளா?

— பாதி ரீம்.

— அப்ப உம்மா இவளையும் சுமந்திருக்கா. மூஞ்சியக்கூடப் பாக்காமலே. இவ இப்படித்தான் வருவான்னு தெரியாமலே.

— ஆமாக்கா.

— அவள இப்படிக் குடு. பாரு, எப்படி என் விரலப் பிடிக்குறா. டாக்டர் தசை தளர்ச்சியா இருக்கும்னாரு. எங்க தளர்ச்சி? விட மாட்டேங்குறா. மொந்தர் இவள என்னன்னு கூப்புடுவாரு தெரியுமா? "என் கணவாய்க் குட்டி"ன்னு. எலும்பே இல்லாம வளையறாளாம். ராத்திரி கெடத்தினா நெஞ்சு மேலதான் கெடத்திக்குவாரு.

— அவருக்கு நான் சொல்றேன். எறங்கினதும் நானே எல்லாத்தையும் சொல்றேன். எப்படி ஆச்சு, இனிமே என்ன செய்யணும், எல்லாம்.

— இன்னிக்கு சொல்லிட்டு நாளைக்கு முதல் கப்பல்ல திரும்பிடணும்.

— மாத்தல்...

— மாத்தலும் கெடையாது, மண்ணும் கெடையாது. சனி ஞாயிறுல வா, லீவுல வா, புள்ளைக்குச் சொல்லிக்குடு. சித்தியா வா. என்னைப் பாத்து இன்னொரு சல்ஹாவா ஆகாத. அந்தக் கதையே பொய்னு சொல்லிட்டேன், இன்னும் எதுக்கு அதுல நடிக்கிற? போன எடு. தீவு கிட்ட வந்துடுச்சு, சிக்னல் கெடைக்கும்.

— இப்பவேவா?

— பின்ன, இன்னும் பத்து வருஷம் கழிச்சா? நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

— அலோ... அனீஸ்? நான்தான். கப்பல்ல இருக்கேன், காத்துச் சத்தம்... கேக்குதா? ... இல்ல, குழந்தைக்கு ஒண்ணும் இல்ல. அதாவது, இருக்கு, அப்புறம் சொல்றேன். ... காலையில சொன்னேன்ல... அனீஸ், நீ பேசாத, நான் முடிச்சுடறேன். நான் ஒரு கணக்குத் தப்பாப் போட்டுட்டேன். ... இல்ல, உன்மேல இல்ல. ... ஆமா. ... உன் வாப்பாவ கூட்டிக்கிட்டு வா. ... ம். ... அழாத, உன் உம்மாவுக்குக் கேக்கும். ... ஆமா, நானும்தான் அழறேன். வச்சுடறேன்.

— என்ன சொன்னான்?

— ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுக்கு வராங்களாம். மீன் கஸ்குஸ் செய்யணுமாம், இனிப்பு அவங்க கொண்டு வராங்களாம்.

— அல்ஹம்துலில்லா! மொந்தர்கிட்ட சொல்லி நல்ல கணவாயா எடுத்து வைக்கச் சொல்றேன். அதோ பாரு, துறையில நிக்குறாரு. கம்பளிய எடுத்துக்கிட்டு வந்திருக்காரு பாரு, புள்ளைக்குக் குளிரும்னு. இந்த மனுஷனுக்கு எல்லாம் முன்னாடியே தோணும்.

— அக்கா, எறங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா?

— கேளு.

— ஜமீலா... நல்லவளா?

— ரொம்ப. அவ கெட்டவளா இருந்திருந்தா எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்ல.

— நல்லவேள, அவளுக்கு எதுவும் தெரியாமலே போயிட்டா.

— கடைசி வாரம் ஒரு நாள் சூப்பு ஊட்டிக்கிட்டு இருந்தேன். வேண்டாம்னு தலைய ஆட்டினா. "ஆறிடும் ஜமீலா, ரெண்டு வாய் குடி"ன்னேன். கரண்டிய ஒதுக்கிட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டு சொன்னா, "மன்னிச்சுக்கோ சல்ஹா, நான்தான் உன்ன ரொம்ப நாள் காக்க வச்சுட்டேன்"னு.